தேசி இலையில் வெள்ளிக் கோடு
வளவுக்குள் ஓர் உலகம் – 9

மாரி மழை விட்டதும் தேசி மரம் தளிர் விடும். எழுவான்கரையோ படுவான்கரையோ, மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும் வளவுகளில் ஒரு தேசியாவது நிற்கும். அதில் ஒரு தளிரைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக் கோடு ஒன்று நெளிந்து ஓடும். கோட்டின் நடுவே தெரியும் மெல்லிய கறுப்பு இழை புழுவின் எச்சம். இலையின் மேற்தோலுக்கு அடியில் சாற்றைக் குடித்துக்கொண்டே அது வழி வெட்டுகிறது. கோடு முடிகிற இடத்தில் இலையோரம் மடிந்திருந்தால், அதற்குள் கூட்டுப்புழு இருக்கும். வெளியே வரும் அந்து சிறகை விரித்தாலும் நாலைந்து மில்லிமீற்றர்தான். வெள்ளிச் சிறகின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு.

நம் பக்கத்துப் பூச்சிதான். 1856இல் ஹென்றி ஸ்டெயின்டன் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தது கல்கத்தாவில் கிடைத்த அந்துகளைக் கொண்டு. 1993இல் இது அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டைத் திட்டமாகச் சொல்ல முடிகிறதென்றால், அங்கே யாரோ இலையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படி எழுதி வைப்பதை ஊரே சேர்ந்து செய்த இடம் பிரித்தானியா. ஹோர்ஸ் செஸ்ட்நட் மரத்தின் இலையைக் குடையும் இன்னொரு அந்து, 1980களில் மசிடோனியாவின் ஒஹ்ரிட் ஏரிக்கரையில் கண்ணில் பட்டது. 2002இல் லண்டனின் விம்பிள்டனுக்கு வந்துவிட்டது. 2010இல் மைக்கேல் பொக்கொக், டரன் எவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பொதுமக்களைத் துணைக்கு அழைத்தார்கள். 3,500க்கு மேற்பட்டோர் தகவல் கொடுத்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இலையைப் பறித்துப் பொலித்தீன் பையில் கட்டி வைத்து, எத்தனை அந்து வந்தது, அந்தப் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி எத்தனை வந்தது என்று எண்ணினார்கள்.

அந்து புகுந்த முதல் மூன்று ஆண்டுகளில் இலைச்சேதம் மளமளவென்று ஏறுகிறது, பிறகு சற்றே கூடுகிறது என்பது இதில் தெரிந்தது. குளவியின் தாக்குதல் மூன்றாம் ஆண்டில் 1.6 வீதம், ஆறாம் ஆண்டில் 5.9 வீதம். உள்ளூர்க் குளவிகள் புதிய இரையை மெல்ல மெல்லத்தான் பழகுகின்றன. தொண்டர்களின் பெரும்பாலான தரவு சரியாகவே இருந்தது. பொடிக் குளவிகளை எண்ணுவதில்தான் தவறு கூடியது. நிபுணர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். தவறும் என்பதற்காக மக்களை ஒதுக்காமல், தவறையே அளந்துகொண்டதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது.

குளவியின் அருமை இலங்கைக்குத் தெரியாததல்ல. 1970இல் தென்னோலையைக் குடையும் வண்டு இங்கே தலைகாட்டியபோது, சிங்கப்பூரிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள்.

ஆகவே கோட்டைக் கண்டதும் மருந்து அடிக்க ஓடாதீர்கள். வளர்ந்த தேசி தாங்கிக்கொள்ளும்; மருந்தில் குளவியும் சாகும். கவனம் தேவைப்படுவது இளங்கன்றுக்குத்தான். புழு கிழித்த தோல் வழியே சொறி நோய்ப் பற்றீரியா உள்ளே புகும்.

இந்தத் தளிர்க் காலத்தில் ஒரு கொப்பிக்குள் நாலு விஷயம் குறியுங்கள்: திகதி, ஊர், பார்த்த தளிர் எத்தனை, கோடு விழுந்தது எத்தனை. ஒன்றுமே இல்லையென்றால் பூச்சியம் என்று எழுதுங்கள், அதுவும் தரவுதான். கைபேசி இருந்தால் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தோடும் திகதியோடும் பதியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)