சிறுநீர்க் குழாயோடு இருக்கும் நாட்கள்: வெட்கமும் வலியும் தொழுகையும்

அறுவைச் சிகிச்சைக்குத் துணிந்து சம்மதித்த பலரும், "யூரின் டியூப் போட வேண்டும்" என்று நர்ஸ் சொன்னதும் கலங்கிவிடுகிறார்கள். வலிக்குமோ என்ற பயம் ஒன்று. பிறர் முன் உடல் திறக்கப்படுமே என்ற வெட்கம் இன்னொன்று. நம் குடும்பங்களில் மூன்றாவதாக ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது: "இது உடம்பில் இருக்கும்வரை சுத்தம் இல்லையே, எப்படித் தொழுவது?"

நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வருடக்கணக்கில் ஒரு வக்தும் விடாத பெரியவர்கள் கூட, டிஸ்சார்ஜ் ஆகும்வரை தொழுகையை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் குழாயே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதையும், மார்க்கம் தரும் சலுகை என்ன என்பதையும் தெரிந்துகொண்டால் இந்த நாட்களை அமைதியாகக் கடக்கலாம்.

குழாய் எதற்கு?

புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபடும்போதும், பெரிய அறுவைச் சிகிச்சையின்போதும், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கும்போதும், ஐ.சி.யூ.வில் சிறுநீரின் அளவை மணிக்கு மணி கவனிக்க வேண்டியபோதும் இது போடப்படுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியும் வெளியேற வழியில்லாவிட்டால் தாங்க முடியாத வலி வரும். நீடித்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

இது புதிய சிகிச்சையும் அல்ல. கி.பி. 1013ல் மறைந்த குர்துபா நகரத்து முஸ்லிம் மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, சிறுநீர் அடைப்புக்கு வெள்ளிக் குழாயைப் பயன்படுத்தும் முறையைத் தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்திருக்கிறார். இன்று பயன்படும் வளையும் குழாய், அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலியின் பெயரால் அழைக்கப்படுகிறது.

போடும்போது என்ன நடக்கிறது?

முதலில் அந்த இடத்தைச் சுத்தம் செய்வார்கள். பிறகு வழுக்கலான ஜெல் தடவுவார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்லை உள்ளே செலுத்துவார்கள். அது வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். "ஜெல் போட்டுக் கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கள்" என்று நாம் தாராளமாகக் கேட்கலாம். ஆண்களின் சிறுநீர்ப் பாதை ஏறக்குறைய 20 செ.மீ., பெண்களுடையது 4 செ.மீ. அளவுதான். எனவே பெண்களுக்குச் சிரமம் குறைவு. குழாய் நுழையும்போது உடலை இறுக்கினால் வலி கூடும். நிதானமாக மூச்சை இழுத்து விட்டு, நாவில் திக்ரை ஓடவிட்டால் உடல் தளரும்.

உள்ளே போனதும் குழாயின் நுனியில் உள்ள சிறிய பலூனில் சுமார் 10 மி.லி. நீரை ஏற்றுவார்கள். குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்தப் பலூன் சிறுநீர்ப்பையை உரசுவதால், பை காலியாக இருந்தாலும் 'ஒன்றுக்கு வருகிறது' என்ற உணர்வு வந்துகொண்டே இருக்கும். இது தெரியாமல் முக்கிச் சிரமப்படுபவர்கள் உண்டு. முக்க வேண்டாம், இந்த உணர்வு பெரும்பாலும் ஓரிரு நாளில் குறையும். குறையாவிட்டால் அதற்கு மாத்திரை உண்டு.

குழாயைத் தாமாக இழுக்கவே கூடாது. பலூன் விரிந்திருக்க இழுத்தால் பாதை கிழிந்து இரத்தம் வரும். இரவில் நினைவு தடுமாறும் முதியவர்கள் பக்கத்தில் ஒருவர் விழித்திருப்பது நல்லது. எடுக்கும்போது பலூனின் நீரை முதலில் வெளியேற்றிவிடுவதால், சில நொடிகளில் முடிந்துவிடும்.

வெட்கத்திற்கு என்ன செய்வது?

ஹயா ஈமானின் ஒரு பகுதி. சிகிச்சைக்காக அவ்ரத்தைத் திறப்பது தேவையின் அளவுக்கு அனுமதிக்கப்பட்டது என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. எனவே அந்த இடத்தைத் தவிர மற்றதை மூடச் சொல்லுங்கள். கட்டிலைச் சுற்றித் திரை போடச் சொல்லுங்கள். பெண்ணுக்குப் பெண் நர்ஸ், ஆணுக்கு ஆண் நர்ஸ் கிடைப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளி கேட்கக் கூச்சப்பட்டால் குடும்பத்தினர் கேட்க வேண்டும். அவசர நேரத்தில் யார் இருக்கிறாரோ அவரே செய்யட்டும், அதில் குற்றமில்லை.

தொழுகை எப்படி?

மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்றும், முடியாவிட்டால் அமர்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. தொழும் முறைதான் இலேசாக்கப்பட்டது; தொழுகை விலக்கப்படவில்லை.

சிறுநீர் தொடர்ந்து வெளியேறுபவரை ஃபிக்ஹ் நூல்கள் 'மஃதூர்', அதாவது தங்கடமுள்ளவர் என்கின்றன. குழாய் போட்டவரின் நிலையும் இதுவே. வக்து வந்தபின் அவர் உளூச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில், வேறு காரணத்தால் உளூ முறியாதவரை, அந்த வக்து முடியும்வரை ஃபர்ளும் சுன்னத்தும் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஓர் உளூவுக்கு ஒரு ஃபர்ளு; அதோடு சுன்னத்துகள் தொழலாம்; உளூச் செய்ததும் தாமதிக்காமல் தொழ வேண்டும்.

பையில் இருக்கும் சிறுநீர் நஜீஸ்தான். முடிந்தால் தொழுமுன் பையைக் காலி செய்யச் சொல்லலாம். கழற்ற முடியாத நிலையில் அது தொழுகையை விடுவதற்குக் காரணம் ஆகாது. தண்ணீர் தீங்கு தரும் என்றால் தயம்மும் உண்டு. ஷாஃபிஈகளுக்குப் புழுதியுள்ள மண் தேவை என்பதால், வீட்டிலிருந்து சுத்தமான மண்ணை ஒரு பையில் கொண்டுபோய்க் கொடுங்கள். சிசேரியன் செய்த தாய்மார்களுக்கு நிஃபாஸ் நாட்களில் தொழுகையே கடமையில்லை. அவர்கள் இதை நினைத்து வருந்த வேண்டாம். கூடுதல் விளக்கம் தேவைப்பட்டால் உங்கள் மஹல்லா ஆலிமைப் போனில் கேளுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

பை எப்போதும் இடுப்பை விடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. தொழும்போது கட்டிலின் மேல் தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்பிப் பாயும். குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, இரத்தக் கட்டி, பையில் சிறுநீர் இறங்காமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நாள் கூடக் கூடக் கிருமித் தொற்றின் வாய்ப்பும் கூடுவதால், "இன்னும் இது தேவையா?" என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள். எடுத்த பின் ஓரிரு முறை எரிச்சல் இருக்கலாம். சில மணி நேரமாகியும் சிறுநீர் போகாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

பார்க்க வருபவர்கள் பையைப் பார்த்து விசாரிப்பதைத் தவிர்க்க வேண்டும். வாப்பாவாக இருந்தாலும் அத்தாவாக இருந்தாலும், பேரப்பிள்ளைகள் முன் அந்தப் பையை ஒரு துணியால் மூடி வையுங்கள். வக்து வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே உளூவுக்குத் தண்ணீர் கொண்டுபோய் நில்லுங்கள். 'இந்த நிலையிலும் நான் தொழலாம்' என்பதை அவருக்கு அதுவே உணர்த்திவிடும்.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.