வர்ணத்தை உரித்தெடுக்கும் ஒளி

குருநகர் தொடர்மாடிகளைப் போன்று கடலை அண்டி நிற்கும் கட்டிடங்களை உப்புக்காற்று ஓயாது தாக்குகின்றது. கொங்கிறீற்றுக்குள் ஊறும் உப்பு கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்துச் சுவர் வெடிக்கின்றது. திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் பூசப்படும் புதுவர்ணம் அவ்வெடிப்பை மூடிமறைக்கின்றதேயன்றிக் குணப்படுத்துவதில்லை. முறையாகத் திருத்துவதாயின் பழைய பூச்சை நீக்கியே ஆகவேண்டும்.

ஆபத்து அங்குதான் ஆரம்பிக்கின்றது. வர்ணப்பூச்சிலுள்ள ஈயத்துக்கு இலங்கையில் சட்டரீதியான எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இலேயே. அதற்கு முந்திய பூச்சுகளைக் காய்ந்த நிலையில் சுரண்டும்போது எழும் தூசில் ஈயம் கலந்திருக்கக் கூடும். சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இந்த உலோகத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மணலை வீசிச் சுத்திகரித்தாலோ சிலிக்காத் தூசு தொழிலாளியின் நுரையீரலைப் பதம் பார்க்கின்றது.

மேலைநாடுகள் இதற்கு லேசரை நாடியுள்ளன. 1972இல் வெனிஸ் நகரில் ஜோன் அஸ்முஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கற்சிலைகளில் படிந்திருந்த கரிப்படலத்தை லேசர் துடிப்புகளால் அகற்றிக் காட்டினார். பின்னர் பிரான்ஸின் அணுசக்தி ஆணையகம், கதிரியக்கம் படிந்த சுவர்களின் பூச்சை உரிக்க இம்முறையை ஆராய்ந்தது. ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்பை வர்ணம் உறிஞ்சிக் கணப்பொழுதில் ஆவியாகிச் சிதறுகின்றது. வெப்பம் உள்ளே பரவ அவகாசமில்லாததால் கொங்கிறீற் பெரிதும் தப்பிக்கொள்கின்றது. சிதறுவதை உறிஞ்சுகுழாய் அங்கேயே இழுத்து வடிகட்டியில் அடைத்துவிடும்.

ஆயினும் இதனை மந்திரக்கோல் எனக் கருதலாகாது. கருவியின் விலை அதிகம்; வேலையோ மெதுவானது. ஒளியைத் தெறிக்கச் செய்யும் வெள்ளைப் பூச்சு எளிதில் உரியாது. வலுவான லேசரை ஓரிடத்தில் தொடர்ந்து பாய்ச்சினால், ஈரம் ஊறிய கொங்கிறீற்றின் நீர் ஆவியாகி மேற்பரப்பே பெயர்ந்துவிடும். உறிஞ்சுகுழாயும் வடிகட்டியுமின்றி இயக்கினால் ஈயம் புகையாக எழும்; அது சுரண்டுவதிலும் மோசமானது.

அத்தகைய கருவி எமது மேசன்மாரின் கைக்கு எட்டும்வரை, சுவரை நீர் தெளித்து நனைத்தபின் சுரண்டுவதும், கீழே பொலித்தீன் விரித்துக் கழிவைச் சேகரிப்பதும், முகக்கவசம் அணிவதும், வேலை முடியும்வரை பிள்ளைகளை அப்பால் வைத்திருப்பதும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. ஒப்பந்தம் எழுதும்போதே இவற்றையும் நிபந்தனைகளாகச் சேர்க்குமாறு கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்கள் கேட்கலாம்.