எண்ணெய் கசிவது எங்கே?

கார் நின்ற இடத்திலே கரிய எண்ணெய்ப் பொட்டுக் கிடக்கின்றதா? அதற்கு நேர்மேலே ஓட்டையைத் தேடுதல் வீண். விசிறிக் காற்று எண்ணெயைக் கீழும் பின்னுமாகத் தள்ளிவிடும். எனவே நனைந்த இடங்களுள் மிக உயரத்திலுள்ளதையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். ஆறிய எஞ்சினைத் துடைத்து, பக்கங்களிற் பவுடர் தூவி, சில நிமிடம் ஓடவிடுங்கள். வெண்மையில் முதலிற் கறுக்கும் இடமே ஊற்றுக்கண். பலவேளை அது வால்வு மூடியின் தக்கைக் கஸ்கற்றாயிருக்கும், செலவு சொற்பம்.

1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000இன் கதை வேறு. அதன் சுழல்தண்டின் பின்முனையில் றப்பர் அடைப்பு இல்லை. திருகுவரியொன்றே எண்ணெயை உள்ளே திருப்புகின்றது. ஆகவே சிறு கசிவு அதன் பிறவிக்குணம். கிளச் அறையின் அடித்துளையில் தொங்கும் பிளவாணி அத்துளிகள் வெளியேறுதற்கென்றே வைக்கப்பட்டது. துப்புரவு கருதி அதனை அடைத்துவிடாதீர்கள். எண்ணெய் கிளச் தட்டிற் படிந்தால் மேடு கண்ட வண்டி ஏற மறுக்கும்.