கேமரா நின்ற இடம்: 'ஜெய் பீம்' ஒளிப்பதிவை முன்வைத்து

1993இல் விழுப்புரத்தை அடுத்த அத்தியூரில் இருளர் பெண் ஒருவர்மீது புதுச்சேரிக் காவலர்கள் நிகழ்த்திய வன்கொடுமைக்கு எதிராகப் போராடியவர் திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எழுந்தது. அதே ஆண்டில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணுவின் வழக்கே 2021 நவம்பரில் வெளியான 'ஜெய் பீம்' படத்தின் கரு. (ராசாக்கண்ணு குறவர், படம் அவரை இருளராக்கியது. அது தனியே பேச வேண்டியது.)

படம் குறித்த விவாதங்களில் இயக்குநர் த.செ. ஞானவேலின் பெயரும் சூர்யாவின் பெயரும் ஒலித்த அளவுக்கு ஒளிப்பதிவாளர் எஸ்.ஆர். கதிரின் பெயர் ஒலிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் என்றால் இயக்குநர் சொன்னதைப் படம்பிடித்துத் தருபவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 'காவலர் அடிக்கிறார்' என்று திரைக்கதையில் ஒரு வரி இருக்கும். அடிப்பவனின் தோளருகே நின்று பார்ப்பதா, விழுந்தவனோடு தரையில் கிடந்து பார்ப்பதா, எவ்வளவு நேரம் பார்ப்பது, எதை இருளில் விடுவது என்பனவற்றை இருவரும் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும். நிறத்தைப் பின்னர் வண்ணச் சீரமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். கேமரா நின்ற இடத்தை மாற்றவியலாது.

நிறமும் எளிதான செய்தியன்று. ஒளிமானி எதிரிலிருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொண்டு கணக்கிடும். வெள்ளைச் சுவரின் முன் நிற்கும் கறுத்த முகத்திற்கு அக்கணக்கை அப்படியே ஏற்றால் முகம் இருண்டு போகும். அந்த முகம் தெரிய வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்து ஒளியமைக்க வேண்டும்.

'ஜெய் பீம்' தொடக்கக் காட்சி அத்தகைய தெளிவுடையது. சிறைவாயிலில், பட்டப்பகலில், விடுதலையாகி வருவோரின் சாதி கேட்கப்படுகிறது. சிலர் வீட்டுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் ஓரமாக நிறுத்தப்பட்டு, நிலுவை வழக்குகளுக்கு ஆள் தேடி வந்த காவலர்களுடன் அனுப்பப்படுகிறார்கள். அங்கே ரத்தம் இல்லை. அன்றாட அலுவல் போல் அது நடந்து முடிவதே நம்மை உறையச் செய்கிறது.

காவல் நிலையச் சித்திரவதைக் காட்சிகளில் அந்த நிதானம் கைநழுவுகிறது என்பது என் கருத்து. கொடுமையை மறைக்கக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆயினும் அடிபடும் உடலை மீண்டும் மீண்டும் காட்டும்போது ராசாக்கண்ணு என்னும் மனிதன் பின்னே போய், காயங்கள் மட்டும் முன்னே வருகின்றன. இதில் இயக்குநர் பங்கு எவ்வளவு, ஒளிப்பதிவாளர் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. சட்டகத்துக்கு இருவருமே பொறுப்பு.

இதே கூட்டணி செங்கேணி நடந்துபோகும் காட்சியையும் தந்திருக்கிறது. மேலிடத்து உத்தரவால் அவளை வீட்டில் கொண்டுவிட வந்த காவலர்கள் வண்டியில் ஏறச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவள் ஏறவில்லை. மகளோடு முன்னே நடக்கிறாள். அவள் நடைக்கு ஈடுகொடுத்து ஜீப் பின்னே ஊர்ந்து வருகிறது.