கிளிக்கு என்ன சமையல்?

குட்டீஸ்... உங்கள் வீட்டில் கிளி இருக்கிறதா? "இல்லையே... எங்க வீட்ல லவ் பேர்ட்ஸ்தான் இருக்கு!" என்கிறீர்களா? அதுவும் கிளிதான்!

கடைகளில் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை என்று பல நிறங்களில், முதுகில் அலை அலையாகக் கோடு போட்ட குட்டிப் பறவையை, "லவ் பேர்ட்ஸ்" என்று ஜோடி ஜோடியாக விற்கின்றனர் அல்லவா? அதன் உண்மையான பெயர் பட்ஜெரிகர். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர், 1840ல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி, நம் தெருமுனைக் கடைக்கும் வந்து விட்டது. நிஜமான லவ் பேர்ட் வேறு. அது ஆப்பிரிக்காக்காரர், உடம்பு குண்டு, வால் குட்டை. தலையில் கொண்டையும், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் வைத்திருப்பவர் காக்கடீல். அவரும் ஆஸ்திரேலியாதான்.

நம் ஊர் பச்சைக்கிளியை மட்டும் கூண்டில் அடைக்கக் கூடாது. 1972ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். யாராவது பிடித்து விற்றால், "அழகா இருக்கே..." என்று வாங்கி விடாதீர்கள். பச்சைக்கிளி மீது ஆசை இருந்தால், தோட்டத்தில் ஒரு கொய்யா மரமோ, கொடுக்காப்புளி மரமோ வளருங்கள். அழைக்காமலே வரும், பாதிப் பழத்தைக் கடித்துக் கீழே போட்டு விட்டுப் போகும்!

சரி, கூண்டில் இருக்கும் நம் குட்டிக் கிளிக்கு வருவோம். அதற்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள்? பத்தில் ஒன்பது வீட்டில், "தினை" என்றுதான் பதில் வரும். காலையில் ஒரு கிண்ணம் தினை, ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான்!

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதல் ஆபத்து, கண்ணை ஏமாற்றும் ஆபத்து. கிளி தினையை அப்படியே விழுங்காது. அலகால் உருட்டி, உமியை நீக்கி, உள்ளே இருக்கும் அரிசியை மட்டும்தான் தின்னும். உமி திரும்பவும் கிண்ணத்திலேயே விழும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பது போலத் தோன்றும். "இன்னும் நிறைய இருக்கே, நாளைக்குப் போடலாம்" என்று நினைத்துப் பள்ளிக்கூடம் போய் விடுவோம். உள்ளே ஒரு மணி கூட இருக்காது! இலவம்பழம் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் கிடைத்தது என்பார்களே... இங்கே கிடைப்பது வெறும் உமி. இவ்வளவு சின்ன பறவை ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. கூண்டில் பறவை செத்துக் கிடந்தால், "என்ன நோயோ?" என்கிறோம். சில நேரம் அது நோயே இல்லை, பசி! அதனால், தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்து, வாயால் "ஃபூ..." என்று ஊதுங்கள். உமி பறந்து விடும். மிச்சம் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது ஆபத்து, மெதுவாக வரும். வெறும் தினையில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால், மூக்கு, தொண்டைக்குள் இருக்கும் மெல்லிய தோல் தடித்துப் போகும். சளி, மூச்சுத் திணறல் வரும். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் இன்னும் மோசம். அந்தப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு! பறவைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து விடும்.

"ஆஸ்திரேலியா காட்டில் அது புல் விதையைத்தானே தின்னுது?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அங்கே அது பலவகைப் புல் விதைகளைத் தின்னும். பால் பிடிக்கும் பச்சை விதைகளும் அதில் உண்டு. மழை பெய்யும் இடத்தைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வெகுதூரம் பறக்கும். தின்றது எல்லாம் கரைந்து விடும். நம் வீட்டு ஆசாமி? இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்குத் தாவுவதுதான் அவர் செய்யும் மொத்த உடற்பயிற்சி!

* அடுப்படிக்கு வாங்க!

இதற்காகக் காசு கொடுத்து வெளிநாட்டுத் தீவன டப்பா வாங்க வேண்டும் என்று அவசியம் இல்லை. நல்ல தீவனக் குருணைகள் கிடைத்தால் கொஞ்சம் கலந்து கொள்ளலாம். ஆனால், கிளிக்குத் தேவையானதில் பெரும் பகுதி உங்கள் வீட்டுக் காய்கறிக் கூடையிலேயே இருக்கிறது.

அம்மாவோ, அப்பாவோ சமையலுக்குக் காய் நறுக்கும்போது, உப்பு போடுவதற்கு முன், கிளியின் பங்கை எடுத்து வைத்து விடுங்கள். ஒரு துண்டு கேரட், ஒரு துண்டு பரங்கிக்காய், இரண்டு பீன்ஸ். கேரட்டைத் துருவுங்கள். மற்றதைப் பொடிப்பொடியாக நறுக்கித் தரச் சொல்லுங்கள். அதோடு ஒரு கொத்து முருங்கைக்கீரையை உருவிப் போடுங்கள். என்னைக் கேட்டால், கிளிச் சமையலில் முதல் மரியாதை முருங்கைக்குத்தான். வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து இரண்டுமே அதில் இருக்கின்றன. தெருவுக்கு ஒரு மரமும் இருக்கிறது. கொத்தமல்லித் தழையும் நல்லது. பாலக்கீரையை மட்டும் அடிக்கடி வேண்டாம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது.

அடுத்து, முளை கட்டிய பச்சைப்பயறு. முதல் நாள் இரவு ஊற வைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால், மறுநாள் வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். நன்றாக அலசிப் போடுங்கள். பிசுபிசுவென்று இருந்தாலோ, ஒரு மாதிரி வாடை அடித்தாலோ, யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. அதில் நச்சு உண்டு. குழைய வேக வைத்தால்தான் அது போகும்.

கடைசியாக, வேக வைத்து ஆறிய சாமையோ, வரகோ, கைக்குத்தல் அரிசியோ ஒரு ஸ்பூன். எல்லாவற்றையும் கலந்தால் கிளிக்குக் கலவை சாதம் ரெடி! உப்பு, புளி, எண்ணெய், தாளிப்பு எதுவும் கிடையாது. "சப்புனு இருக்குமே..." என்று கவலைப்பட வேண்டாம். நம் நாக்கில் சுவை மொட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கிளிக்குச் சில நூறுதான்!

ஒரு பட்ஜெரிகருக்கு, ஒரு நாளைக்கு இந்தக் கலவையில் ஒன்றிரண்டு டீஸ்பூன் போதும். தினையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைத்து, கூடவே கொடுங்கள். பழமும் கொடுக்கலாம். கொய்யாத் துண்டு, பப்பாளித் துண்டு, மாதுளை முத்து இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். பழத்தில் சர்க்கரை அதிகம். நம் வெயிலில் ஈரமான உணவு சீக்கிரம் கெட்டு விடும். வைத்து இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து விடுங்கள். காய்களில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால், முதலிலேயே நன்றாகக் கழுவ வேண்டும். கூண்டைத் தொட்ட பிறகு உங்கள் கையையும்தான்!

சுண்ணாம்புச் சத்துக்கு இன்னொரு வழி, நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று கேளுங்கள். வெள்ளையாக, படகு போல ஒன்றைத் தருவார்கள். நுரையெல்லாம் இல்லை, கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் ஓடு அது! கழுவிக் காய வைத்து, கூண்டுக் கம்பியில் கட்டி விட்டால், வேண்டும்போது கொறித்துக் கொள்ளும். முட்டையிடும் பெண் பறவைக்கு இது மிக மிக முக்கியம். சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால், முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கி, தாய்ப் பறவை இறந்து போகக் கூடும். காலை இளவெயிலும் தேவை. அப்போதுதான் அந்தச் சத்து உடம்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. கூண்டை வெளியே வைத்தால், பாதி நிழலில் வையுங்கள். பூனை மேல் ஒரு கண் இருக்கட்டும்.

* மிளகாய் மர்மம்!

கிளிக்கு மிளகாய் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நாம் "ஸ்... ஆ..." என்று தண்ணீருக்கு ஓடுவோம். அது, முறுக்கு தின்பது போல ரசித்துத் தின்னும். எப்படி?

மிளகாயில் இருக்கும் காப்சைசின் என்ற பொருள், நம் நாக்கின் நரம்பு முனையில் உள்ள ஒரு "பூட்டை"த் திறக்கிறது. அது, சூடு பட்டால் திறக்க வேண்டிய பூட்டு. அதனால்தான் நாக்கு எரிகிறது. அந்தப் பூட்டை 1997ல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு. 2021ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2002ல் அவரது குழு கோழியின் பூட்டையும் சோதித்தது. அது சூட்டுக்குத் திறந்தது; காப்சைசினுக்கு அசையவே இல்லை! பறவைகளுக்கு மிளகாய் காரமே கிடையாது. இது மிளகாய்ச் செடிக்கு லாபம். எலி போன்ற பிராணிகள் விதையை மென்று அரைத்து விடும்; பறவை முழுதாக விழுங்கி, எங்கேயோ போய் எச்சமாகப் போடும்; அங்கே செடி முளைக்கும். பழுத்த சிவப்பு மிளகாயில் வைட்டமின் ஏ சத்தும் உண்டு. கொடுக்கலாம், கொடுத்த கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்!

* இதெல்லாம் கூடாது!

உங்கள் எடை 35 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பட்ஜெரிகரின் எடை சுமார் 35 கிராம். நீங்கள் அதைப் போல ஆயிரம் மடங்கு! "ஒரே ஒரு கிராம் சாக்லேட்தானே..." என்று நீங்கள் ஊட்டுவது, அதற்கு நீங்கள் ஒரு கிலோ தின்பது மாதிரி. சாக்லேட், காபி, டீ மூன்றும் கிளியின் இதயத்தைத் தாறுமாறாக அடிக்க வைக்கும். பட்டர் ஃப்ரூட் எனும் அவகாடோ, ஒரு துண்டு கூடக் கூடாது. கிளிக்கு அது விஷம். வெங்காயம், பூண்டு வேண்டாம். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்து விடுங்கள். சிப்ஸ், மிக்சர் போன்றவற்றின் உப்பும் ஆபத்து. "பால் சோறு?" வேண்டாம், பாலைச் செரிக்கும் சக்தி பறவைகளுக்கு இல்லை. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால், அந்த நச்சு கல்லீரலைக் கெடுக்கும்.

தின்னாமலே கொல்லும் ஒன்றும் அடுப்படியில் இருக்கிறது. நான்ஸ்டிக் தவாவைக் காலியாக அடுப்பில் மறந்து வைத்து, அது அளவுக்கு மீறிச் சூடானால், அதிலிருந்து வரும் ஆவி, கிளியைச் சில நிமிடங்களிலேயே கொன்று விடும். கூண்டு சமையலறையில் இருந்தால், இன்றைக்கே இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

* அதிகமும் தப்பு!

நியூசிலாந்தில் காகாபோ என்று ஒரு கிளி. பறக்கத் தெரியாது, உலகிலேயே கனமான கிளி அதுதான். 1995ல் மொத்தமே 51தான் மிச்சம்! இனம் பெருகட்டும் என்று அவற்றுக்குச் சத்தான உணவை வைத்துக் கவனித்தனர். முட்டைகள் வந்தன. ஆனால், குஞ்சுகளில் பெரும்பாலும் ஆண்கள்! ஏன் என்று ஆராய்ந்தபோது, தாய் அதிகக் கொழுகொழு என்று இருந்தால் ஆண் குஞ்சுகளே அதிகம் பிறக்கின்றன என்று தெரிந்தது. உடனே ஒவ்வொரு தாயின் எடையையும் பார்த்து, அளந்து உணவு கொடுத்தனர். 2002ல் வளர்ந்த குஞ்சுகளில் பெண்களே அதிகம். 2022ல் காகாபோக்களின் எண்ணிக்கை 252 ஆனது.

நீங்களும் சமையலறை டிஜிட்டல் தராசில், ஒரு டப்பாவுக்குள் கிளியை உட்கார வைத்து வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைக்கலாம். உணவை மாற்றும் நாட்களில் தினமும் பாருங்கள். 40 கிராம் பறவை 36 கிராமுக்கு இறங்கினால், பழைய தினையையே முழு அளவு கொடுத்து விட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏனென்றால், புது உணவைக் கண்டால் கிளி பயப்படும். ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கிடக்கிறதே என்று கூண்டின் மறுமூலைக்கு ஓடும். ஒரு வாரமோ, ஒரு மாதமோ ஆகலாம். தினை மேல் கேரட் துருவலைத் தூவிப் பாருங்கள். ஈரமான கொத்தமல்லியைக் கம்பியில் தலைகீழாகத் தொங்க விடுங்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. கிளி, கூட்டத்தோடு வாழும் பறவை; கூட்டத்தில் மற்றவர்கள் தின்பதைத்தான் தானும் தின்னும். உங்கள் வீட்டில் அதற்குக் கூட்டம் யார்? நீங்கள்தான். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ம்ம்ம்... சூப்பர்!" என்று பச்சைக் கேரட்டைக் கடியுங்கள். கேரட்டைத் தட்டில் ஒதுக்கும் ஆட்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்!

தினமும் கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து, எச்சத்தைப் பாருங்கள். "சீ..." என்று முகம் சுளிக்காதீர்கள், மருத்துவர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பச்சையோ, பழுப்போ ஒரு பகுதி, வெள்ளையாக ஒரு பகுதி, கொஞ்சம் தண்ணீர் என்று இருந்தால் நலம். காய் அதிகம் தின்ற நாளில் தண்ணீர் கூடும். பீட்ரூட் தின்ற நாளில் சிவப்பாக வரும், அதைப் பார்த்து, "ஐயோ, ரத்தம்!" என்று வீட்டையே கூட்டி விடாதீர்கள்!