நூலகப் பதிவேட்டைச் செயலியாக்கும் முன்

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டினால் பொறியியல் கல்லூரிகள் அடுத்தடுத்து வருகின்றன. காட்டாங்குளத்தூர் ஒன்றியப் பள்ளிகளுக்கு இது ஒரு வசதி. நூலகப் புத்தகங்களைக் கொடுத்து வாங்குவதைப் பதிய ஒரு சிறு இணையச் செயலி வேண்டும் என்றால், இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்துதர மாணவர்கள் கிடைப்பார்கள். ஆனால் படிப்பு முடிந்து அவர்கள் போனபின் அதைப் பார்த்துக்கொள்வது யார்? பொறுப்பாசிரியரும் கலந்தாய்வில் மாறுதல் பெற்றுவிட்டால்?

ஆகவே எந்த நிரல்மொழி என்ற கேள்வி பிறகு வரட்டும். எத்தனை பேர், எத்தனை கருவிகளிலிருந்து பதியப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒருவர், ஒரே கணினி என்றால் எக்செல் தாள் போதும். புத்தக எண், வகுப்பு, வரிசை எண், கொடுத்த நாள், திரும்பிய நாள் என ஐந்து பத்திகள். திரும்பிய நாள் காலியாக உள்ள வரிகளை வடிகட்டினால் வராத புத்தகங்கள் தெரிந்துவிடும். பெரும்பாலான பள்ளிகளின் தேவை இத்தோடு முடிகிறது என்றே நினைக்கிறேன்.

மாணவர்களே புத்தகம் தேட வேண்டுமானால் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு போதும். புத்தகப் பட்டியலும் தேடல் பெட்டியும் அதற்குள்ளேயே இருக்கும். இணையமும் சர்வரும் வேண்டாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளுக்குப் பென் டிரைவில் எடுத்துச் சென்றுவிடலாம். ஆனால் கொடுத்து வாங்கும் பதிவை இதில் வைக்காதீர்கள். பிரவுசர் தன்னுள் சேமிப்பது அந்தக் கணினியின் அந்தப் பிரவுசரில் மட்டுமே இருக்கும். யாராவது தளத் தரவுகளை அழித்தால் பதிவும் போய்விடும்.

பல ஆசிரியர்கள் தத்தம் கைபேசியிலிருந்து பதியும்போதுதான் பொதுவான ஓர் இடம் தேவைப்படுகிறது. கூகுள் படிவம் அதற்கு உதவும். அதை ஆசிரியரின் சொந்தக் கணக்கில் அல்லாமல் பள்ளிக் கணக்கில் உருவாக்குங்கள். அதுவும் போதாதென்றால் ஒரு நிரல், ஒரு எஸ்கியூலைட் கோப்பு. ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தத் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள்ளும் இதுவே இயங்குகிறது. நிரலை நிறுத்திவிட்டுக் கோப்பை நகலெடுத்தால் காப்புநகல் தயார். லட்சக்கணக்கான பயனர்களுக்கென உருவான மேகக் கட்டமைப்புகள் அறுநூறு புத்தகங்களுக்கு எதற்கு? ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், புதுப்பிப்பு, சில சமயம் மாதக் கட்டணமும் உண்டு.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை எளிய வலைப்பக்கங்களாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் தந்தது. எழுத்துக்குறியீடு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது அந்த உரைகளையும் மாற்ற முடிந்தது. உங்கள் செயலியிலும் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கும் வழி இருக்கட்டும். யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள்; இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகிவிடலாம்.

மாணவர் பெயர், பெற்றோர் கைபேசி எண், எமிஸ் எண் எதுவும் இதில் வேண்டாம். வகுப்பும் வரிசை எண்ணும் போதும்.

செயலியைப் பெற்றுக்கொள்ளும் நாளில், கோப்பு எங்கே, தொடங்குவது எப்படி, நகலெடுப்பது எப்படி என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். இதுவரை அதைப் பார்க்காத ஓர் ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, வேறொரு கணினியில் நிறுவச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்குள் முடியவில்லை என்றால், எதை நீக்கலாம் என்று செய்துதந்த மாணவர்களிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.