வரவேற்பறைக்கு ஒரே பெட்டி

தொலைக்காட்சியைச் சுற்றி இன்று செட் டாப் பாக்ஸ், இணையத் தொடர்களுக்கான ஸ்டிக், சவுண்ட்பார், விளையாட்டுக் கருவி என மூன்று நான்கு பெட்டிகள் கூடிவிட்ட வீடுகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட்டும் ஒரு மின்செருகியும் ஒரு தனிப் பட்டியலும் சேர்ந்து வந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே கருவிக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. வானொலியையும் இசைத்தட்டு இயக்கியையும் ஒரே மர அலமாரிக்குள் பொருத்திய ரேடியோகிராம் காலத்திலிருந்தே பொறியாளர்கள் இதை முயன்று வந்திருக்கிறார்கள். அம்முயற்சிகள் எங்கே முட்டி நின்றன என்று பார்த்தால், தடையின் பெரும்பகுதி மின்னணுவியலில் இல்லை என்பது புலப்படும்.

2000 மார்ச்சில் சோனி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2, விளையாட்டுக் கருவியாக விற்கப்பட்டாலும் டிவிடி வட்டுகளையும் ஓட்டியது. அன்றைய டிவிடி பிளேயர்கள் பலவற்றைவிடக் குறைவான 39,800 யென்னுக்கு இரண்டு பயன்களும் கிடைத்ததால், பிள்ளைகள் கேட்ட பொருளைப் பெற்றோர் தயங்காமல் வாங்குவதற்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்தது. அந்த வெற்றி தந்த துணிவில் 2003 டிசம்பரில் அதே நிறுவனம் பிஎஸ்எக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பிளேஸ்டேஷன் 2-இன் விளையாட்டுகள், தொலைக்காட்சி அலையைப் பெறும் ட்யூனர், நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் ஹார்ட் டிஸ்க், பதிந்தவற்றை டிவிடியில் எழுதும் வசதி ஆகிய அனைத்தும் அதற்குள் இருந்தன. 160 ஜிபி கொள்ளளவு கொண்டது 79,800 யென், 250 ஜிபி கொண்டது 99,800 யென். விளையாட விரும்பியவரிடம் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 2 இருந்தது. நிகழ்ச்சிகளைப் பதிய விரும்பியவருக்கோ விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. ஆக, யார் வாங்கினாலும் தமக்கு வேண்டாத பாதிக்கும் சேர்த்தே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கே வராமல் அப்பெட்டி விரைவில் மறைந்துவிட்டாலும், வகைகளைக் கிடைவரிசையிலும் அவற்றின் உட்பொருள்களைச் செங்குத்தாகவும் அடுக்கிய அதன் திரைப்பட்டியல் மட்டும் தப்பிப் பிழைத்து, பிறகு பிளேஸ்டேஷன் 3-க்கு முகமாயிற்று.

அப்பட்டியல் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. மேசைக் கணினியின் திரையை இரண்டடி தொலைவிலிருந்து பார்க்கிறோம்; வரவேற்பறைத் திரையையோ சோபாவில் சாய்ந்தபடி ஏறத்தாழ பத்தடி தொலைவிலிருந்து, கையில் மவுசோ விசைப்பலகையோ இல்லாமல் பார்க்கிறோம். இந்த நிலைக்கென்று பெரிய எழுத்தும் குறைந்த தெரிவுகளும் நான்கு அம்புப் பொத்தான்களுமாக அமைக்கப்படும் திரைவடிவத்தைத் துறையினர் பத்தடி இடைமுகம் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2002-இல் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பின் வழியாகக் கணினியையே வரவேற்பறைக்குக் கொண்டுவர முயன்றபோது இந்த வடிவத்தைத்தான் கைக்கொண்டது.

அந்நிறுவனத்தின் துணிச்சலான முயற்சி 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் விளையாட்டுக் கருவி. செட் டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கம்பியைத் தன்னுள் வாங்கி, அப்படத்தைத் தன் வழியாகவே தொலைக்காட்சிக்கு அனுப்பிய அக்கருவி, உடன்வந்த கினெக்ட் என்னும் கேமரா-மைக் தொகுதியின் மூலம் வாய்ச்சொல்லுக்கும் இணங்கியது. ஆனால் அலைவரிசையை மாற்றச் சொன்னால் அது என்ன செய்தது என்பதுதான் வேடிக்கை. செட் டாப் பாக்ஸுடன் நேரடியாகப் பேச வழியில்லாததால், கினெக்ட் அகச்சிவப்பு ஒளியை அறை முழுதும் பாய்ச்சிச் சாதாரண ரிமோட்டைப் போலவே நடித்தது; எதிர்ப்பெட்டி அதைக் கேட்டதா இல்லையா என்று அறிய அதற்கு வழியே இல்லை. 499 டாலருக்கு வந்த அக்கருவியின் அருகிலேயே பிளேஸ்டேஷன் 4 என்னும் போட்டிக் கருவி 399 டாலருக்குக் கிடைத்தது. விளையாட வந்தவர்கள் தொலைக்காட்சிப் பேச்சைக் கேட்டுச் சலிப்புற்ற நிலையில், 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பதிப்பு 399 டாலருக்கு இறக்கப்பட்டது.

கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லாமல் இல்லை. எச்டிஎம்ஐ செருகியின் 19 ஊசிகளில் 13-ஆவது ஊசி சிஇசி என்னும் கட்டளைத் தடத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. படமும் ஒலியும் பிற ஊசிகளில் நொடிக்குக் கோடிக்கணக்கான பிட் துணுக்குகளாகப் பாய, இந்த ஒற்றைத் தடத்தில் ஏறத்தாழ 400 துணுக்குகளே ஊர்கின்றன. எனினும் பிளேயரில் வட்டை இட்டதும் தொலைக்காட்சி தானே விழித்து, சரியான உள்ளீட்டுக்கு மாறி, சவுண்ட்பாரையும் எழுப்புவதற்கு அவ்வளவு போதும். இது கட்டாயமற்ற வசதியாக விடப்பட்டதும், சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் பெயரிட்டுத் தத்தம் போக்கில் கையாண்டதும் சேர்ந்து, வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் கூடும் வீட்டில் அது என்ன செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டன.

இதைவிடக் கடினமானது பூட்டு. கட்டண ஒளிபரப்புகள் மறையாக்கப்பட்டு, அதாவது உரிய சாவியில்லாதவர் பார்க்க இயலாதபடி கலைக்கப்பட்டு வருகின்றன. அச்சாவியை நிறுவனம் தன் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பதால் அப்பெட்டியைத் தவிர்க்க வழியில்லை. அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இதை உடைக்க முனைந்தது. அதன் விளைவாக வந்த கேபிள் கார்டு என்ற சிறு அட்டை, சாவியை மட்டும் பிரித்தெடுத்து, வாடிக்கையாளர் கடையில் வாங்கிய எந்தப் பெட்டியிலும் செருகும்படி செய்தது. கேபிள் நிறுவனங்கள் தம் பெட்டிகளிலும் அதே அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என 2007 ஜூலை முதல் கட்டாயமும் ஆயிற்று. ஆனால் கடையில் வாங்கிய பெட்டிகளுக்கு அட்டை ஒருவழிப் பாதையாகவே இருந்தது. விரும்பிய படத்தைக் கேட்டுப் பெறும் இருவழிச் சேவைகள் அவற்றில் இயங்கவில்லை, நிறுவனங்களும் அட்டைக்கு ஆர்வம் காட்டவில்லை, 2020-இல் கேபிள் கார்டு விதிகளே கைவிடப்பட்டன. அதே 2020-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு நிறுவனத்தின் செட் டாப் பாக்ஸ் மற்ற நிறுவனத்துக்கும் பயன்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் டிடிஎச் நிறுவனத்தை மாற்றும் வீட்டார் பெரும்பாலும் பெட்டியையும் மாற்றவே நேர்கிறது.

இணையச் சேவைகள் இப்பூட்டைச் சிப்பின் ஆழத்துக்கே கொண்டு சென்றுவிட்டன. கூகுளின் வைட்வைன் முறையில் எல்1 என்னும் நிலையில் மறைநீக்கம் வன்பொருளின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கிறது. எல்3 நிலையில் மென்பொருளிலேயே நடப்பதால் பல சேவைகள் அதற்குக் குறைந்த தெளிவுள்ள படத்தையே தருகின்றன. முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்து பார்த்த ஆர்வலர்கள் உருவாக்கி, 2014-இல் கோடி எனப் பெயர் மாற்றிய இலவச மென்பொருளைக் கொண்டு சொந்தமாகப் பெட்டி அமைப்பவர், தம்மிடமுள்ள படங்களையும் பாடல்களையும் வேறெந்தக் கருவியும் தராத ஒழுங்குடன் அடுக்கிக்கொள்ள முடிந்தும், சந்தா கட்டிப் பார்க்கும் படத்தில் மங்கலான உருவத்தையே பெறுவது இதனால்தான்.

எனவே இலட்சியப் பெட்டி என்று ஒன்று வருமானால், அதில் சாவிக்கு ஒரு பொதுச் செருகுவாய், கட்டாயமாக்கப்பட்ட ஒரே கட்டளை மொழி, எந்தச் சேவையில் இருந்தாலும் படத்தைத் தேடித்தரும் ஒரே பட்டியல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மற்றவை இரண்டாம் நிலையே. அது திரைக்குள் பொதிந்திராமல் தனித்திருப்பதே நல்லது, ஏனெனில் திரை நெடுங்காலம் உழைக்க, உள்ளிருக்கும் செயலிகளோ சில ஆண்டுகளிலேயே புதுப்பித்தல் இன்றிக் கிழடாகிவிடுகின்றன.

விலைதான் கடைசிச் சிக்கல். இன்றைய ஸ்மார்ட் டிவிகளும் ஸ்டிக்குகளும் மலிவாக விற்கப்படுவதற்கு, விளம்பரத்தாலும் பார்ப்போர் பற்றிய தரவாலும் வரும் வருவாய் ஒரு காரணம். பார்வையாளரின் ஒப்புதலின்றி அத்தரவைத் திரட்டியதாக எழுந்த வழக்கில் வீசியோ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. எந்தச் சேவைக்கும் சாயாமல், எவரையும் வேவு பாராமல் இயங்கும் பெட்டிக்கு அத்தகைய வருவாய் இராது என்பதால், அதன் முழுச் செலவையும் வாங்குபவரே கொடுக்க வேண்டும். கடையில் அதன் அருகிலேயே சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக்கும் தொங்கிக்கொண்டிருக்கும்.